தளர்வு நாட்களும் மாதர் உழைப்பும்

கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, வன்னிப் பெருநிலத்தின் உயிர்நாடியாக விளங்குவது இரணைமடுக் குளம். இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழமான நீர்நிலை. கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி வைக்கும் இக்குளம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டு, பின்னர் பல தடவை பெருப்பிக்கப்பட்டது. கடைசியாக நடந்த புனரமைப்பில் அதன் கொள்ளளவு கூட்டப்பட்டு, 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. இதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் உள்ளன. உருத்திரபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை முதலிய ஊர்களின் அடுப்பெரிவது பெரும்பாலும் இந்த நீரின் தயவினாலேயே.

காலபோகத்துக்கு வானம் கைகொடுக்கும். சிறுபோகத்துக்கோ குளத்தில் நிற்கும் நீர் ஒன்றே துணை. ஆகையினால் ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகம் தொடங்குமுன் குளத்தின் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடி, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்ன நாளில் வாய்க்கால் திறக்கலாம் எனத் தீர்மானிக்கின்றனர். நீர் குறைந்த ஆண்டில் எவரும் குளத்தைச் சோம்பேறி என்று ஏசுவதில்லை. கமத்தை அடியோடு கைவிடுவதுமில்லை. இருப்பதை அளந்தறிந்து, அதற்கேற்ப விதைக்கின்றனர்.

குளத்துக்குக் காட்டப்படும் இந்த நிதானம் அக்குளத்தின் கீழ் உழைக்கும் பெண்ணின் உடலுக்குக் காட்டப்படுவதில்லை. மாதந்தோறும் அவளுடைய வலிமை ஏறி இறங்குவதுண்டு. மாதவிடாய் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாகப் பல பெண்களுக்கு உடல் கனக்கிறது, மனம் சலிக்கிறது, ஊக்கம் குன்றுகிறது. அந்த இறக்கத்தை முன்கூட்டியே அறிந்து, வேலையை முற்றாக விடாமலும் உடலை வருத்தாமலும் அந்நாட்களைக் கடப்பது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

வட்டக்கச்சிப் பக்கத்தில் வாழும் உழைப்பாளிப் பெண் ஒருத்தியை எடுத்துக்காட்டாக மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பெயர் வேண்டியதில்லை, அவளைப் போன்றவர் பலர். வயது 34. 2009இல் முடிவுற்ற போரில் கணவனை இழந்தவள். வயதான தாயையும் பாடசாலை செல்லும் மகளையும் தன் உழைப்பினால் காப்பவள். சிறுபோகத்தில் வயலிற் களை பிடுங்குவாள். மற்றக் காலத்தில் கச்சான் பிடுங்கவும் மிளகாய்த் தோட்டத்துக்கும் போவாள். மாதத்தில் மூன்று வாரம் அவளுக்கு நிகராக வரம்பிலே நிற்பவர் இல்லை. நான்காவது வாரத்தில் நிலைமை மாறிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. மார்பு நோகிறது, வயிறு ஊதுகிறது, தலையிடிக்கிறது. மகள் ஒரு கோப்பையைத் தவறவிட்டால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பின்னர் அடுப்படியில் இருந்து அழுகிறாள். இரண்டு நாள் வேலைக்குப் போகாது விடுகிறாள். இரண்டு நாட் கூலி போகிறது. அதோடு, வேலைக்கு ஆள் கூட்டுபவர் அடுத்த முறை வேறொருத்தியைக் கூப்பிடவும் தொடங்குகிறார். மாதவிடாய் வந்த ஓரிரு நாளில் இவையெல்லாம் வெயில் கண்ட பனிபோல் மறைந்துவிடுகின்றன. தனக்கு நேர்ந்தது யாதென அவளுக்கு விளங்குவதில்லை. ‘எனக்குப் புத்தி பேதலிக்கிறதோ’ என்ற அச்சம் மட்டும் மனத்தின் அடியிற் கிடக்கிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ச் சமூகம் பெண்ணின் உடல்மாற்றங்களுக்குப் பெயரிடத் தவறியதில்லை. பெண் பூப்பெய்தினால் சாமத்தியச் சடங்கு நடக்கிறது. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுகின்றனர். மாதவிடாய் நாட்களுக்குத் துடக்கு என்று பெயர் வைத்து ஒதுக்கம் விதித்தனர். ஆனால் அதற்கு முந்திய நாட்களின் தளர்வுக்கு ஊர்வழக்கிலே பெயர் கிடையாது. பெயரில்லாத நோவு குணக்குற்றமாகக் கருதப்படுகிறது. ‘அவளுக்கு வாய் கூட’ என்பர், ‘வேலைக்கள்ளி’ என்பர். கேட்டுக் கேட்டு அவளும் அதனையே நம்பத் தொடங்குகிறாள்.

மருத்துவ உலகமும் இதற்குப் பெயரிடச் சுணங்கியே வந்தது. 1931ஆம் ஆண்டில் றொபேட் பிராங்க் என்னும் அமெரிக்க வைத்தியர் தம்மிடம் வந்த பெண்கள் சிலரின் நிலையை விரித்தெழுதி, அதனை மாதவிடாய்க்கு முந்திய இறுக்கம் என அழைத்தார். 1953இல் இங்கிலாந்தில் றேமண்ட் கிறீன், கதரினா டால்ற்றன் என்னும் வைத்தியர் இருவர், இது வெறும் மன இறுக்கம் அன்று, உடலிலும் உள்ளத்திலும் ஒருங்கே தோன்றும் பல குறிகளின் தொகுதி எனக் காட்டினர். அன்று முதல் அதற்கு ‘மாதவிடாய்க்கு முந்திய நோய்க்குறித் தொகுதி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர் நிலைத்தது. டால்ற்றன் அம்மையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாய்வுக்கே செலவிட்டார். அவர் விதந்துரைத்த புரோஜெஸ்தரோன் மருந்து பிற்கால ஆய்வுகளில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும் இத்துன்பம் மெய்யானது, கற்பனையன்று என்பதை மருத்துவர் ஏற்கச் செய்த பெருமையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இது நிகழும் வகையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் சூலகத்திலிருந்து முட்டை வெளியாகிறது. அதன் பின்னர் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன் பெருகுகிறது. கரு உண்டாகாவிட்டால் அதுவும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனும் குறைந்து மாதவிடாய் தொடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் பொது. அவ்வாறாயின் சிலர் மட்டும் ஏன் வருந்துகின்றனர்? அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவகத்தைச் சேர்ந்த பீற்றர் சிமிட் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. இத்துன்பம் உள்ள பெண்கள், இல்லாத பெண்கள் ஆகிய இருசாராரிலும் சூலக ஓமோன்களை மருந்தினால் சிறிது காலம் அடக்கி வைத்து, பின்னர் வழக்கமான அளவிலேயே அவற்றைக் கொடுத்தனர். முன்பு வருந்தியோருக்குக் குறிகள் திரும்பின. மற்றோருக்கு ஒன்றும் நேரவில்லை. ஓமோன் கூடியதோ குறைந்ததோ அன்று, அதன் இயல்பான மாற்றத்துக்குச் சிலருடைய மூளை கூடுதலாக அசைந்து கொடுப்பதே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஒரே காற்றுக்குப் பனை அசையாது நிற்க வாழை சாய்வதுண்டு. அது வாழையின் குற்றமும் அன்று. காற்றின் குற்றமும் அன்று.

பெரும்பாலான பெண்கள் இக்குறிகளில் ஒன்றிரண்டையேனும் உணர்வர். அன்றாட வாழ்வு அதனாற் குலைவதில்லை. சிலருக்கு வேலையும் உறவும் கெடும் அளவுக்குத் துன்பம் முற்றுகிறது. மிகச் சிலருக்கு, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு, கடுஞ்சோர்வும் சினமும் நம்பிக்கையிழப்பும் ஓங்கி நிற்கின்றன. இக்கடுமையான வடிவத்தை அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 2013இல் தன் கைநூலில் தனி நோயாகச் சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும் தன் புதிய நோய்ப் பட்டியலில் அதற்கு இடமளித்திருக்கிறது.

குளத்தின் நீர்மட்டத்தை அளக்க அளவுகோல் இருப்பதுபோல இதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு வேண்டியது மகளுடைய பழைய கொப்பி ஒன்றும் பென்சில் ஒன்றுமே. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் திகதியை எழுதி, அன்று இருந்த குறிகளை எழுதி, அதன் எதிரே ஓர் இலக்கம் இட வேண்டும். ஒன்றுமில்லையானால் 0, சிறிதளவானால் 1, வேலைக்கு இடைஞ்சலானால் 2, வேலை செய்ய முடியாதவாறு இருந்தால் 3. மாதவிடாய் தொடங்கிய நாளை வட்டமிட்டுக் காட்ட வேண்டும். எழுதப் பழகாதவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் புள்ளி இடலாம். குறைந்தது இரண்டு மாதம் இவ்வாறு குறித்து வருதல் வேண்டும். வைத்தியர்களும் இத்தகைய நாட்குறிப்பைக் கொண்டே நோயை உறுதிசெய்கின்றனர். இதற்கெனத் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது.

அந்தக் கொப்பி பேசும் மொழி தெளிவானது. 2உம் 3உமான இலக்கங்கள் மாதவிடாய்க்கு முந்திய நாட்களிற் குவிந்து, அது தொடங்கிய சில நாட்களில் 0 ஆகி, அடுத்த ஒரு வாரமேனும் அப்படியே இருந்தால் இது மாதவிடாயைச் சார்ந்த தளர்வே. மாதம் முழுவதும் இலக்கம் இறங்காதிருந்தால் காரணம் வேறு. குருதிச்சோகை இருக்கலாம், தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடு இருக்கலாம், ஆறாத மனத்துயர் இருக்கலாம். வன்னி மண்ணில் இந்த வேறுபாட்டை மறத்தலாகாது. இடம்பெயர்ந்தோரும் உறவை இழந்தோரும் காணாமற் போனவருக்காக இன்றும் காத்திருப்போரும் வாழும் நிலம் இது. மாதம் முழுவதும் நெஞ்சை அழுத்தும் துயரம் அந்தச் சில நாட்களில் மேலும் கனப்பதுண்டு. ‘இது மாதக் கோளாறு’ என்று சொல்லி அத்துயரை ஒதுக்கிவிடுவது பிழை. மாதக் கோளாற்றைப் ‘போரின் வடு’ எனக் கொண்டு, தீர்வில்லை என்று இருந்துவிடுவதும் பிழையே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கொப்பியின் முதற் பயன்.

இரண்டாவது பயன், வரும் நாளை முன்னறிதல். எடுத்துக்காட்டாகச் சொன்ன பெண் மூன்று மாதம் எழுதிப் பார்த்தாள் எனக் கொள்ளலாம். மாதவிடாய்க்கு முந்திய ஐந்து நாட்களே கடினமானவை என்பதும், அவற்றிலும் கடைசி இரண்டு நாட்களிலேயே 3 என்னும் இலக்கம் வருகிறது என்பதும் தெரிகின்றன. முழுமாதத்தையும் கெடுத்ததாக அவள் எண்ணியிருந்த துன்பம் உண்மையில் ஐந்து நாட்களுக்குள் அடங்கிவிட்டது. எல்லை தெரியாத துன்பத்தைவிட எல்லை தெரிந்த துன்பத்தைச் சுமப்பது எளிது.

இனி, அந்த ஐந்து நாட்களில் உழைப்பை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதைக் கவனிக்கலாம். உடல் இயக்கம் இத்தளர்வைத் தணிக்கும் என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். நடத்தல், துவிச்சக்கர வண்டி ஓட்டுதல், நீந்துதல் போன்ற மிதமான பயிற்சியை மாதம் முழுவதும் ஒழுங்காகச் செய்துவருவோருக்கு மனச்சோர்வும் அசதியும் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கமேனும் வளர்ந்தோருக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவேறும். தளர்வு வந்தபின் தொடங்கும் பயிற்சியைவிட, மாதம் முழுவதும் விடாது செய்யும் பயிற்சியே பயன் தரும்.

ஆயின் இவ்வறிவுரையை எல்லாருக்கும் ஒரேமாதிரிச் சொல்லிவிட முடியாது. அலுவலகத்திலோ தையல் இயந்திரத்தின் முன்னோ நாள் முழுவதும் இருந்து வேலை செய்பவருக்கு நடை மிக அவசியம். நாள் முழுவதும் குனிந்து களை பிடுங்கியவளிடம் ‘இன்னும் அரைமணி நேரம் பயிற்சி செய்’ என்பது இரக்கமற்ற பேச்சு. அவளுக்கு வேண்டியது வேலையின் வகையை மாற்றுவது. ஒரே நிலையிற் குனிந்திருந்த முதுகுக்கு நிமிர்ந்து நடக்கும் நடை ஓய்வாகும். மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் நிமிர்ந்து, கைகளை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, ஆழ்ந்து மூச்செடுத்தால் இறுக்கம் தளரும். மாலையில் வெயில் தாழ்ந்தபின் குளக்கட்டோரமாகவோ வாய்க்கால் வரம்பிலோ பத்து நிமிடம் மெல்ல நடக்கலாம். தோழி ஒருத்தி உடன் வந்தால் இன்னும் நன்று. தனக்கென்று நடக்கும் அந்தப் பத்து நிமிடம் கூலி வேலையில் நடக்கும் பத்து மைலைப் போன்றதன்று.

ஊக்கம் குன்றிய நாளில் பலர் செய்யும் தவறு இரண்டு. வழக்கமான வேலை முழுவதையும் செய்தே தீர்வேன் என்று பிடிவாதமாகத் தொடங்கி, பாதியில் ஓய்ந்து, தன்னையே நொந்துகொள்வது ஒன்று. முழுவதும் முடியாதென்று எண்ணி, ஒன்றையும் தொடாமற் பாயிற் கிடப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ‘பத்து நிமிடம் மட்டும் செய்கிறேன், அதன் பின்னும் முடியாவிட்டால் விட்டுவிடுகிறேன்’ என்று தனக்குத்தானே சொல்லித் தொடங்குவதே அது. ஊக்கம் வந்தபின்னே வேலை தொடங்கும் என்று காத்திருப்பதைவிட, வேலை தொடங்கியபின் ஊக்கம் வருவதே பெரும்பான்மை. பத்து நிமிடத்தின் பின்னும் உடல் மறுத்தால் அன்று ஓய்வே முறை. அதில் வெட்கம் இல்லை.

முன்னறிந்த நாளுக்கு முன்னேற்பாடு செய்யலாம். அரிசி புடைத்தல், விறகு சேர்த்தல், மா இடித்து வறுத்தல், கிழமைச் சந்தைக்குப் போதல் முதலிய பாரமான வேலைகளை அதற்கு முந்திய வாரத்திலேயே முடித்துவைக்கலாம். கடன் பேசுதல், காணிப் பிணக்கு, பிள்ளையின் கலியாணப் பேச்சு ஆகியவற்றைக் கூடுமானவரை அந்நாட்களுக்குப் பின்னே தள்ளலாம். அவள் முடிவு தவறாகிவிடும் என்பதனால் அன்று; அந்நாளில் ஏற்படும் சொற்பிணக்கு அவளையே அதிகம் வருத்தும் என்பதனால். வயல் வேலையில் ஒரே குழுவாய்ச் செல்லும் பெண்கள் தம்முள்ளே மாறிக்கொள்ளலாம். ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவள் பாரமான பங்கை எடுத்தால், அடுத்த வாரம் இவள் அதனைத் திருப்பிச் செய்யலாம். கமத்தில் கைமாற்று வேலை புதியதன்று. அவ்வாறு செய்தால் எடுத்துக்காட்டாகச் சொன்ன பெண்ணின் இரண்டு நாட் கூலியில் ஒரு நாட் கூலியாவது மிஞ்சும். வேலைக்கு வராதவள் என்ற பெயரும் நீங்கும்.

உணவிலும் சில நுட்பங்கள் உண்டு. 1998இல் அமெரிக்காவில் 466 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கல்சியம் பெற்றோருக்கு மூன்றாவது மாத முடிவிலே குறிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. வெறும் மாத்திரை பெற்றோருக்கும் மூன்றிலொரு பங்களவு குறைந்தது. மனநம்பிக்கைக்கும் இதில் இடமுண்டு என்பதை அது காட்டுகிறது. எனினும் கல்சியத்தின் பயன் அதனை விஞ்சி நின்றது. வன்னிச் சமையலறையில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. எள்ளும் முருங்கையிலையும் தயிரும் முள்ளோடு தின்னக்கூடிய சிறுமீன்களும் அதனைத் தருவன. உப்பு மிகுந்த உணவு உடலில் நீரைத் தேக்கி ஊதலைக் கூட்டும் என்பதால், அந்நாட்களில் கருவாட்டை நீரில் ஊறவைத்து உப்பைக் கழித்துச் சமைப்பது நல்லது.

காலையில் வெறுந்தேநீரோடு வயலுக்குப் போய் மதியம் தாண்டியபின் முதற்கவளம் உண்ணும் பழக்கம் பலரிடம் உண்டு. பசி, எரிச்சலின் உடன்பிறப்பு. அவித்த பயறோ குரக்கன் பிட்டோ சிறிதளவாயினும் காலையில் உண்டு, பின்னரும் இடையிடையே உண்பது மனத்தைச் சமநிலையில் வைக்க உதவும். கடுந்தேநீர் சிலருக்குப் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் கூட்டும். அத்தகையோர் பிற்பகலுக்குப் பின் அதனைத் தவிர்ப்பது நன்று. உணவோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். குருதிச்சோகை உள்ளவர் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரம் விடுதல் வேண்டும். சோளகக் காற்று வீசும் வரட்சிக் காலத்தில் நீர் குடிப்பதைக் குறைக்கலாகாது. வயல்வெளியில் மறைவிடம் இல்லாமையாற் பெண்கள் நீர் அருந்தாதிருப்பதுண்டு. அதனால் தலையிடியும் சோர்வும் மிகும். வேலைக்கு ஆள் அழைப்போர் மலசலகூட வசதியைக் கவனிப்பது கருணையாக மட்டும் கருதற்குரியதன்று, அது கடமை.

இவ்வளவு செய்தும் துன்பம் தணியாதவர் உண்டு. அவர்கள் முயற்சியற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு மருத்துவம் வேண்டும். மூளையிலுள்ள செரட்டோனின் என்னும் இரசாயனத்தைச் சீர்செய்யும் மருந்துகள் கடுமையான நிலையில் நற்பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிலருக்கு அவற்றை மாதவிடாய்க்கு முந்திய இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்தாலே போதும். சில வகைக் கருத்தடை மாத்திரைகளும், எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் உளவளத்துணையும் பயன்படுவதுண்டு. இவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மருந்துக்கடையில் தாமாகவே விற்றமின் பீ6 மாத்திரையை வாங்கி அளவுக்கு மிஞ்சி விழுங்குவது நரம்புகளைப் பாதிக்கும். ‘செத்தாற் போதும்’ என்ற எண்ணம் மாதந்தோறும் வந்து போகுமாயின் அதனை ஒரு நாளேனும் மறைத்துவைத்தலாகாது. அன்றே உதவி நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இத்தகையோருக்கென்றே உள்ளது.

உதவியை நாடுவதற்கு முதற்படி வெகுதூரத்தில் இல்லை. 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த இலங்கையின் பொதுச் சுகாதார சேவை, குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுப்படலைக்கே அனுப்பி வைக்கிறது. மருத்துவமாது என்று மக்கள் அழைக்கும் அவர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கவே வருகிறார் என்று பலர் எண்ணுகின்றனர். இந்தக் கொப்பியை அவரிடம் காட்டலாம். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் வழிப்படுத்துவார். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட பெண்கள் சுகாதார நிலையமும் 2024இல் திறக்கப்பட்டது. கட்டடம் எழுந்துவிட்டது, நாணத்தைக் கடந்து அதன் வாயிலுக்கு வருவதே பெண்கள் செய்ய வேண்டியது.

வீட்டிலுள்ளோரின் பங்கை விட்டுவிட்டால் இப்பேச்சு முற்றுப்பெறாது. எடுத்துக்காட்டாகச் சொன்ன வீட்டிலே, கொப்பியின் கணக்கை மகள் தாய்க்கும் பேத்திக்கும் ஒருநாள் எடுத்துச் சொல்கிறாள். கிழவி சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “எனக்கும் அந்த நாளையில இப்பிடித்தான் பிள்ளை, கொப்பர் என்னைப் பேய்பிடிச்சவள் எண்டவர்” என்கிறாள். ஒரு தலைமுறை வாய்திறவாமற் சுமந்ததை அடுத்த தலைமுறை தாளில் எழுதிவிட்டது. அந்த வீட்டில் இனி அவ்வைந்து நாட்களில் அடுப்படி வேலையைப் பேத்தி சிறிது ஏற்பாள். தாய் ஏசினாலும் அது தன்மேலுள்ள வெறுப்பன்று என அறிவாள். அவளுக்கே இது நேரும் காலம் வருமாயின் அஞ்சமாட்டாள்.

கணவன்மார் அறியவேண்டியது ஒன்று உண்டு. அந்நாட்களில் ஒரு குடம் நீர் அள்ளிக் கொடுப்பதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், மறுசொல் சொல்லாதிருப்பதும் பெரிய உதவிகள். ஆனால் மனைவி எதைச் சொன்னாலும் ‘இது அந்த நாளின் பேச்சு’ என்று தள்ளிவிடுவது உதவியன்று. அது புதியதோர் அவமதிப்பு. தளர்வு நாளில் அவள் உரத்துச் சொல்வது பெரும்பாலும் மற்ற நாட்களில் அவள் பொறுத்துக்கொண்டதே. குரலை மன்னித்து, சொன்ன பொருளை மனத்தில் வைத்து, தணிந்தபின் அதனைப் பேசித் தீர்ப்பதே நல்ல இல்லறம்.

அடுத்த சிறுபோகத்துக்கு இரணைமடுவின் நீர்மட்டம் மீண்டும் அளக்கப்படும். அளந்தபின்னே விதைப்பு நடக்கும். வட்டக்கச்சியிலும் முரசுமோட்டையிலும் உள்ள பெண்கள் வழமைபோற் களைக்கு இறங்குவர். அவர்களுள் ஒருத்தியாவது இன்றிரவு படுக்குமுன் ஒரு பழைய கொப்பியை எடுத்து, திகதியிட்டு, எதிரே ஓர் இலக்கம் எழுதி வைப்பாளாயின், இரண்டு மாதத்தில் தன் தளர்வு நாட்களின் எல்லையை அவள் அறிவாள். பின்னர் அந்நாட்கள் வரும்போது தன்னைப் பழிக்காது, வேலையை அளந்து எடுத்துக்கொள்வாள்.